சென்சாருக்கு வைத்த பொட்டு

நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உடைத்த ஜல்லி பெல்ட்டில் ஏறிவந்து உயரமான இரும்புத் தொட்டியில் விழும். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஏணியில் ஏறிப் பார்த்துச் சொல்வதுதான் பல வருடமாக என் வேலையாக இருந்தது. தூசியில் பாதி நேரம் எதுவும் தெரியாது. கத்திச் சொல்லவும் கூச்சம். குத்துமதிப்பாகக் கையைக் காட்டிவிடுவேன்.

போன வருடம் தொட்டிக்கு மேலே, கைக்கு அடக்கமான லேசர் சென்சார் ஒன்றை மாட்டினார்கள். அது கீழே ஒளியை அனுப்பும், ஒளி ஜல்லியில் பட்டுத் திரும்பும், போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும் என்று எலக்ட்ரீஷியன் விளக்கினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒளி உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிடுமாம். அது நாலு ஆள் உயரத்துக்குள் போய்வரும் நேரத்தை இந்தச் சின்னப் பெட்டி எப்படித்தான் பிடிக்கிறதோ. டீ நேரத்தில் கீழே திரையில் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் கண் ஒரு நாளும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்தது நான்தான். மோட்டார், பெல்ட், மண்வெட்டி எல்லாம் முடித்துவிட்டு ஏணியில் ஏறினேன். சென்சாருக்கு முகம் என்று இருப்பது அடியில் உள்ள அந்தக் கண்ணாடிதானே. கையை உள்ளே விட்டு அதன் நடுவில் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தேன்.

லீவு முடிந்து வந்த காலையில், காலித் தொட்டி நிறைந்திருப்பதாகத் திரை காட்டியது. தொட்டி நிறைந்தால் தானாக நின்றுவிடும் பெல்ட், அதனால் ஓடவில்லை. சூப்பர்வைசர் எரிச்சலாகி, இதைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டுப் பழையபடி ஆளையே ஏற்றலாம் என்றார். எலக்ட்ரீஷியன் ஸ்பேனரோடு ஏணியில் கால் வைத்துவிட்டார்.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் ஒரு தப்பும் செய்யாத அந்தக் கருவி போய்விடும், நான் மறுபடி தூசிக்குள் ஏற வேண்டும்.

"சார், கழட்டாதீங்க. அது கண்ணாடியில நாந்தான் சந்தனம் வச்சேன்."

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் வாயத் தொறந்திருக்கீங்க. அதுவும் ஒரு மெஷினுக்காக."

சிரித்தார்கள்தான். எலக்ட்ரீஷியன் மேலே துடைத்துக்கொண்டே, புறப்பட்ட ஒளி உடனே சந்தனத்தில் முட்டித் திரும்பியதால்தான் தொட்டி நிறைந்ததாகக் காட்டியிருக்கிறது என்றார். கண் எதிரே இருந்ததைத்தான் அது சொல்லியிருக்கிறது. பெல்ட் ஓடத் தொடங்கி முதல் ஜல்லி விழுந்தது. திரையில் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை, முகத்தில் தூசி படாமல் கீழே நின்று பார்த்தேன்.