ரத்தம் சுத்தம் என்ற சீட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை பார்த்தேன். டாக்டர் நல்லவர்தான். பெண்களைத் தொட்டுப் பார்க்கக் கூச்சப்படுவார். பெண்களும் கூச்சப்படுவார்கள். கூட வரும் ஆண்களுக்கு இவர்கள் இருவரையும்விடக் கூச்சம் அதிகம். இத்தனை கூச்சத்துக்கும் சேர்த்து அவர் எழுதிக்கொடுத்த ஒரே மருந்து ரத்தப் பரிசோதனை. குழாய்க்குள் வந்துவிட்ட ரத்தத்துக்கு மானப் பிரச்சினை கிடையாதல்லவா.

நல்லம்பள்ளிப் பக்கமிருந்து நாற்பது வயதுள்ள ஒரு அக்காவைக் கணவர் அழைத்து வந்தார். மார்பில் கட்டி. டாக்டர் அக்காவைப் பார்க்காமல் கணவரைக் கேட்டார்.

"எவ்வளவு பெரிசு?"

"எலுமிச்சங்கா அளவு இருக்கும்னு சொல்றாளுங்க."

டாக்டர், தானே அளந்தது போல எழுதிக்கொண்டார். ரத்தம் என்னிடம் வந்தது. யூரியா, சர்க்கரை, கால்சியம் எல்லாம் சரி. எலும்பிலோ ஈரலிலோ கோளாறு என்றால் ஏறும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் சரி. கணவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். "ரத்தம் சுத்தம்னு போட்டிருக்குதுங்க."

நான்கு மாதத்தில் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் ரத்தம் சுத்தம். மூன்றாம் முறை ரத்தம் எடுக்க அக்காவின் கையை நீட்டச் சொன்னேன். பாதி நீட்டியதுமே முகத்தைச் சுளித்தார்.

"என்னக்கா?"

"அக்குளு வரைக்கும் வலிக்குதுங்க."

"டாக்டரு பாத்தாருங்களா?"

"அவரு எங்க வூட்டுக்காரரத்தானுங்க பாத்தாரு."

பெண்ணுக்குப் பெண் என்ன கூச்சம் என்று கதவைச் சாத்திவிட்டு நான் தொட்டுப் பார்த்தேன். கூழாங்கல் போல இறுகி, அசையாமல் இருந்தது. அக்குளில் இன்னும் இரண்டு. டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"ரிப்போர்ட் நார்மல்தானேம்மா?"

"ரிப்போர்ட் நார்மல்தாங்க சார். கட்டிதான் நார்மலா இல்ல."

அவர் லெட்டர்பேடை எடுத்தார். மதராஸில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். கணவருக்கு மனம் ஆறவில்லை. சுத்தமான ரத்தமுள்ளவளை எதற்கு அறுக்க வேண்டும் என்று கேட்டார். அக்காதான், "ரத்தத்த நீங்க வெச்சுக்கங்க, நான் போறேன்" என்று பஸ் ஏறினார்.

அங்கே மார்பை எடுத்தார்கள். ஊரில் கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். திரும்பி வந்தவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் அளவு சரியாகவே இருந்தது. மூன்றாம் ஆண்டு பாஸ்பட்டேஸ் ஏறியிருந்தது. இன்னொரு முறை செய்தேன். அதே அளவு.

முன்பு சீட்டை நம்பிச் சும்மா இருந்த டாக்டர், இப்போது சீட்டை நம்பி நடுங்கினார். நோய் எலும்புக்குப் போய்விட்டது என்று கணவரைத் தனியே அழைத்துச் சொன்னார். இந்த முறையும் அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை. செய்தி எட்டிய ஊர்களிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்து, ஒரு முறை பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். அக்காவும் அந்தச் சாத்துக்குடியைச் சாப்பிட்டபடி எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார்.

எனக்குப் பொறுக்காமல் அவர் வீட்டுக்கே போய், எங்கே வலி என்று கேட்டேன்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. வரப்புல வுழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுது. கட்டு போட்டு ரெண்டு மாசமாச்சு. இப்பத்தான் கூடிட்டு வருது."

உடைந்த எலும்பு கூடும்போதும் பாஸ்பட்டேஸ் ஏறும். முழுக்கை ரவிக்கைக்குள் இருந்த கட்டுத்துணியை ரத்தம் எடுத்த நானும் பார்க்கவில்லை. மறு கையில் அல்லவா ஊசி குத்தினேன். மதராஸில் எக்ஸ்ரே எடுத்து, நோய் எங்கும் பரவவில்லை என்றார்கள்.

அக்கா அந்த வருடமே களை எடுக்கப் போய்விட்டார். பாலக்கோட்டிலிருந்து வந்து எல்லோரையும்விட உரக்க அழுத நாத்தனார் மட்டும், தன்னை வீணாக அழவைத்துவிட்டார்கள் என்று அக்காவிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.