சத்தம் குறைந்த பம்ப்

என் தங்கை மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்த அன்று, பரமேஸ்வரன் ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். அதே மனுஷர் கார் டயருக்குக் காற்றடிக்கும் ஒரு சின்ன பம்ப் வாங்க வாரக்கணக்கில் அலைந்தார். கூடவே என்னையும் இழுத்தடித்தார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. "மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாக்கறதவிட பம்ப் பாக்கறதுதான் கஷ்டம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

மலாக்கா பக்கம் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வீடும் அங்கேயே ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில். பிள்ளை இல்லை. மலருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு, வாரத்தில் மூன்று நாள் அவளை மலாக்கா டவுனுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவதுதான் அவருடைய வேலை என்றாகிவிட்டது. டயாலிசிஸ் நிலையத்தில் இரவல் கொடுத்த சக்கர நாற்காலி பழைய காரின் பின்பக்கத்தை முழுதாக அடைத்துக்கொண்டிருக்கும்.

மலருக்கு இரவில் தூக்கம் கிடையாது. கால் குடையும், உடம்பு அரிக்கும், விடிய விடியப் புரண்டுகொண்டிருப்பாள். அவள் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே இடம், டயாலிசிஸ் முடிந்து திரும்பி வரும்போது அந்தக் காரின் முன் இருக்கை. இருக்கையைச் சாய்த்து, ஏர்கோனைக் கொஞ்சமாக வைத்து, ரேடியோவை அணைத்துவிடுவார் பரமேஸ்வரன். கார் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவாள். நேராக வந்தால் தூக்கம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையைச் சுற்றிக்கொண்டு வருவார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் எழுப்ப மாட்டார். அவளாகக் கண் விழிக்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். நான் ஒருநாள் போய்க் கண்ணாடியைத் தட்டப்போக, உள்ளேயிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார் மனுஷர்.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைச் சாலைகளில் ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் பஞ்சமில்லை. லாரிகள் உதிர்த்துவிட்டுப் போவதெல்லாம் நம் டயரில்தான் வந்து ஏறும். ஒருமுறை டயாலிசிஸிலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் காரின் பின்டயர் இறங்கிவிட்டது. யாரோ கொடுத்த பழைய பம்ப் ஒன்று காரில் இருந்தது. அதன் வயரைக் காருக்குள் சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருக வேண்டும். அதற்கு எஞ்சின் ஓட வேண்டும், கதவும் திறந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டாரோ இல்லையோ, அது போட்ட சத்தத்தில் மலர் அலறிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு மறுபடி அவள் கண் மூடவில்லை. அந்தப் பம்பை அவர் அன்றே குப்பையில் போட்டுவிட்டார்.

இந்தப் பழைய பம்ப் கதை எனக்கு அப்போது தெரியாது. ஆயர் குரோவில் ராகினி என்ற பெண் நடத்தும் கார் சாமான் கடைக்கு என்னைக் கூட்டிப்போனபோது, ஏதோ மலிவாகத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன். ராகினி நல்ல பெண். இரண்டு மூன்று வகைகளை எடுத்து வைத்து விளக்கினாள். வயர் வைத்தது சீக்கிரம் காற்றடிக்கும், சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயமில்லை. பாட்டரி வைத்தது கொஞ்சம் மெதுவாக அடிக்கும், மறக்காமல் சார்ஜ் போட வேண்டும், வெயிலில் காருக்குள் போட்டு வைத்தால் பாட்டரி கெட்டுவிடும். எதுவானாலும், வேண்டிய காற்றழுத்த எண்ணை வைத்துவிட்டால் அந்த அளவு வந்ததும் தானே நிற்கிறதாகப் பார்த்து வாங்குங்கள் என்றாள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முடிவு செய்திருப்பார்கள். இவரோ ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கடைக்கு வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார். ராகினி என்னைப் பார்த்தாள். எனக்கு மானம் போயிற்று.

"பாட்டு கச்சேரிக்கா மாப்ள வாங்கறீங்க? காத்து அடிச்சா போதாதா?" என்று கேட்டேவிட்டேன்.

அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "மலர் தூங்கும் மச்சான். எழுப்பாத பம்பா வேணும்லா."

ராகினி உடனே உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தாள். பாட்டரி வைத்தது, ஆகவே கதவைச் சாத்திக்கொள்ளலாம். சத்தம் கொஞ்சம் தணிந்துதான் வந்தது. குழாயை நீட்டிக்கொள்ள இன்னொரு குழாயும் தேடிக் கொடுத்தாள், பம்பைத் தள்ளி வைத்து அடிக்கலாமே என்று. சத்தமே இல்லாத பம்ப் உலகத்தில் கிடையாது அங்கிள், இதுக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதிர்வு குறையும் என்றும் சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு பம்பை வைத்து அவரைக் கிண்டல் செய்வதை நான் விட்டுவிட்டேன்.

அந்தப் பம்ப் வந்த பிறகு வழியில் டயர் இறங்கினாலும் மலருக்குத் தெரியாது. ஓரமாக நிறுத்தி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் பம்பை வைத்து அடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். வெயில் படக்கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் பம்பை உள்ளே எடுத்து வந்து சார்ஜ் போடுவார். "என் சக்களத்தி" என்று மலர் அதற்குப் பேர் வைத்திருந்தாள். அவள் அவ்வளவு சிரித்துப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஸ்பேனரைத் தொட்டால்கூட அவரிடம் கைமேல் அடி விழும். மலரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டவள். அந்த வருஷமும் ஜாக், ஸ்பேனர், பம்ப் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி அறையில் அடுக்கினாள். காருக்கும் மாலை போட்டார்கள். நானும் என் மனைவியும் டவுன் கோவிலுக்குப் போயிருந்தோம்.

சாயங்காலம் மலருக்கு மூச்சு வாங்கியது. முன்பும் வந்ததுதான், ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகிவிடும் என்றே இரண்டு பேரும் நினைத்தார்கள். வெளியே வந்து பார்த்தால், மாலை போட்ட காரின் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது. பரமேஸ்வரன் சாமி அறைக்கு ஓடிப் பம்பில் கை வைத்தார். மலர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று தடுத்தாள்.

"பூஜையில வெச்சத எடுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாளு வேற காருல போவோம்லா."

அவள் சொல்லி அவர் தட்டியதே கிடையாது. அன்றைக்கும் தட்டவில்லை. போனில் ஒரு வாடகைக் காரை வரவழைத்தார். காரோட்டி பாவம், நல்ல பையன், அவசரமாகத்தான் ஓட்டினான். இருக்கை சாயவில்லை, ரேடியோ பாடிக்கொண்டே வந்தது. அணைக்கச் சொல்ல இவருக்குக் கூச்சம். மலர் நிமிர்ந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தபடி வந்தாளாம். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோது, "நம்ம காரா இருந்தா கொஞ்சம் தூங்கியிருப்பேன்" என்றாளாம். உள்ளே போனபின் செயற்கை மூச்சுக்கு வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

டாக்டரிடம் நானே கேட்டேன். எந்தக் காரில் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், இதயம் தாங்கவில்லை என்றார். அதை மாப்பிள்ளையிடம் பலமுறை சொல்லிவிட்டேன். தலையாட்டுவார். அவருடைய துக்கம் அவள் செத்தது மட்டுமில்லை. தூங்காமல் போனாள் என்பது. அதற்கு எந்த டாக்டரிடம் பதில் இருக்கிறது? எனக்கு எங்கள் அப்பாமேல்கூடக் கோபம் வந்தது. செத்துப்போன மனுஷர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம், பூஜைச் சாமானை எடுக்க வீட்டில் யாரும் இல்லை. அதற்கடுத்து சாவுத் தீட்டு. சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டோம். கருமாதி முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு நானும் அவரும் அந்த அறையைத் திறந்தோம். பூவெல்லாம் கருகிக் கிடந்தது. அவள் வைத்த குங்குமம் மட்டும் பம்பின்மேல் அப்படியே இருந்தது. அவர் கற்பூரம் ஏற்றிக் காட்டினார். பிறகு பம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை.

சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வேறு யாருக்காவது உதவும், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். கார் அதே இடத்தில், காய்ந்த மாலையோடு நின்றது. முன் இருக்கை சாய்ந்தபடியே இருந்தது. நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கிடந்த அவளுடைய சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன். பின்டயர் பக்கம் அவர் குனிந்தார். குழாயோடு இன்னொரு குழாயை மாட்டினார். பம்பை வாசல் கேட்டுவரை எடுத்துக்கொண்டு போனார். தோளில் இருந்த துண்டை எடுத்து, மடித்து, கீழே போட்டு, அதன்மேல் பம்பை வைத்தார்.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "யாரு மாப்ள எழுந்திருக்கப் போறா? பக்கத்துலயே வெச்சு அடிங்களேன்" என்று கத்திவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்தார்.

"சத்தமா வுட்டா, அவ இல்லன்னு ஆயிடும் மச்சான்."

பிறகு குனிந்து சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, போடாமல் அப்படியே நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சால்வையை அந்த இருக்கையின்மேலேயே வைத்துவிட்டு, நான் திறந்து வைத்திருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். அவர் சுவிட்சைப் போட்டார்.