ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பெயர் நீக்கம்

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பெங்களூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் மாரிகுப்பம் ரயிலில் ஏறினேன். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிக்கெட் முப்பது ரூபாய். இவ்வளவு மலிவா என்று சந்தோஷப்படாமல், எங்கோ இடிக்கிறதே என்று யோசிக்கிற ஜென்மம் நான். எனக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். தொண்டு நிறுவனங்கள் தங்களிடம் வருபவர்களின் விவரங்களைக் கிளவுடில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அலமாரி என்றால் ஒரு பூட்டோடு போயிற்று. கிளவுடில் வைத்ததை எங்கிருந்தும் திறக்கலாம். ஆகவே திறப்பது யார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பங்காரப்பேட்டை தாண்டியதும் எதிரில் இருந்தவர் என் லேப்டாப் பையையே பார்த்தார்.

“இன்னா மேடம், மைன்ஸ் தொறக்கறாங்களா? சர்வேயா?”

“இல்லைங்க.”

“அப்ப குவார்ட்டர்ஸ் வூட்டு சர்வே?”

“அதுவும் இல்லை.”

“பின்ன இன்னாத்துக்கு லேப்டாப்பு?”

என் வேலையைச் சொன்னேன்; அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சுரங்கம் மூடிய ஊரில் பையோடு வருகிறவர்களை இப்படித்தான் பார்ப்பார்கள் போலும். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இனம் இனத்தோடு சேரும். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் வந்தன. ஜன்னலுக்கு வெளியே தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் குன்று குன்றாகக் கிடந்தது.

மாரிகுப்பத்தில் ஆட்டோக்காரர் எண்பது கேட்டார்; அறுபதுக்கு ஒத்துக்கொண்டார். பத்து மணிக்கு ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில், ஒரு சர்ச்சுக்குப் பின்னால், நான் சோதிக்க வேண்டிய அறக்கட்டளையின் அலுவலகத்தில் இருந்தேன். அடி தாங்காமல் கணவனைப் பிரிந்து வந்த பெண்களுக்கு வேலையும் அவர்கள் பிள்ளைகளுக்கு டியூஷனும் ஏற்பாடு செய்கிறார்கள். செயலாளர் ஆரோக்கியம், எழுபதை நெருங்குகிறவர், சுரங்கத்தில் ஆட்களின் வருகையைப் பதிகிற டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். டீயும் வடையும் வாங்கி வந்து உபசரித்தார்.

“பிரிஞ்ச குடும்பம் சேரணும்னுதான் மேடம் நாங்க ஜெபம் பண்றது” என்றார். அந்த வாக்கியம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் வடையைத் தின்றேன்.

மென்பொருளைத் திறந்தேன். எந்தப் பெண்ணின் விவரத்திலும் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ‘விவரங்கள் முழுமை, பாராட்டத்தக்கது’ என்று என் அறிக்கையில் எழுதிக்கொண்டேன். பிறகு, திறக்க அனுமதி உள்ளவர்கள் யார் என்று பார்த்தேன். பத்தொன்பது பெயர்கள். அலுவலகத்தில் வேலை செய்பவர்களோ மூன்றே பேர்.

“மத்தவங்க எல்லாம் யாருங்க?”

“நம்ம பசங்கதான் மேடம். கேம்புக்கு வந்து ஒத்தாசை பண்ணாங்க, போய்ட்டாங்க.”

“போனவங்க பேரை எடுக்கலையா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மைன்ஸ்ல ரோல்ல ஒரு பேரை அடிச்சா ரெண்டே அர்த்தம் மேடம். வேலை போச்சு, இல்லாட்டி ஆளே போச்சு. அந்தக் காலத்துலயே எனக்குக் கை வராது. உசுரோட கீறவன் பேரை எப்டி அடிக்கறது?”

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தார். எஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களையும் நான் முழுக்க நம்பிவிடவில்லை. பெங்களூரில் வேலை. மகள் இந்த ஊரிலேயே ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் எஸ்தரின் அம்மா வீட்டில் இருக்கிறாள். விவரங்களைச் சரிபார்க்க அன்று வரச்சொல்லியிருந்தார்கள். மாஸ்க் கண்வரை ஏறியிருந்தது. அறையில் யார் யார் என்று பார்த்த பிறகே உட்கார்ந்தார்.

“இத யார் யார்க்கா பாப்பாங்க?”

யாரும் பார்க்க முடியாது என்பதுதான் நான் எல்லா ஊரிலும் சொல்லும் பதில். அன்று அது வாயில் வரவில்லை. திரையைப் பார்த்துப் பெயர்களை வாசித்தேன். ஏழாவது பெயரில் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“அது என் வூட்டுக்காரன்.”

எஸ்தர் வீட்டை விட்டு வருவதற்கு முன்பு நடந்த கண் சிகிச்சை முகாமில் அவன் தொண்டனாம். அப்போது கொடுத்த அனுமதி அப்படியே இருந்திருக்கிறது. அவன் என்ன பார்த்தான் என்று தேடினேன். வியாழக்கிழமை உள்ளே வந்திருக்கிறான். ஒரே ஒருவரின் விவரத்தைத்தான் திறந்திருக்கிறான். அதில் எஸ்தர் தங்கியிருக்கும் விடுதியின் முகவரி, கதவு எண்ணோடு இருந்தது.

“கேம்போட அது முடிஞ்சிச்சுன்னு நெனச்சேம்மா” என்றார் ஆரோக்கியம். மறதியா, சேர்த்துவைக்கிற ஆசையா? இன்றுவரை எனக்கு அது தீரவில்லை. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, நீங்களே நீக்குங்கள் என்றேன். அவர் விரல் தயங்கியது.

“அடிங்க ஐயா. அவன் ஒண்ணும் சாவ மாட்டான்” என்றார் எஸ்தர்.

அடித்தார். பிறகு மற்ற பதினைந்து பெயர்களையும் ஒவ்வொன்றாக முணுமுணுத்தபடி நீக்கினார்.

“இன்னிக்கே அந்த விடுதியைக் காலி பண்ணிடும்மா. அவன் பார்த்தாச்சு” என்றேன்.

எஸ்தர் முதல்முறையாக மாஸ்கை இறக்கினார். “அந்த அட்ரஸ்ல நான் இல்லக்கா. கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்கன்னதும் வேற சொல்லிட்டேன். அந்த நம்பர்ல லேடீஸ் போலீஸ் ஸ்டேஷன் கீது. தேடிப் போயிருந்தான்னா போவட்டும்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. தொழில் புத்தி விடுமா? “இப்பதான் பூட்டியாச்சே, சரியான முகவரியைப் போட்டுடலாமா?” என்று கேட்டும் தொலைத்தேன்.

“வேணாங்கா.”

பொய் என்று தெரிந்தே அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன். அறிக்கையில் ‘முழுமை’ என்பதை அடித்தேன்; ‘பாராட்டத்தக்கது’ என்பதை அடிக்கவில்லை.

மாலை ரயிலில் எஸ்தரும் என் எதிரில் உட்கார்ந்தார். வேர்க்கடலை வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். மகளுக்குக் கணக்கு வருகிறது, கன்னடம் வரவில்லை என்றார். நான் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு வருகிறவர்கள் வாசலில் பெயர், போன் நம்பர், போட்டோ எல்லாம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அவற்றை யார் பார்க்கிறார்கள் என்று நானே ஒருநாளும் கேட்டதில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது.

“நீங்க எங்கக்கா எறங்குவீங்க?”

“கண்டோன்மென்ட். நீ?”

“பாக்கலாம்” என்றார்.

கண்டோன்மென்ட்டில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். மாஸ்க் மறுபடி மேலேறியிருந்தது. கையசைத்தேன், அவரும் அசைத்தார். நான் மேம்பாலப் படி ஏறும்வரை ஜன்னலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. எங்கே இறங்கினார் என்று எனக்குத் தெரியாது.