தரையை ஒட்டிய ஓட்டை

1. புரியாத படம்

தொண்ணூற்றொன்றில் மண்ணூர் அருகே ஒரு தொழிற்சாலையில் நான் கார்பென்டர். அதுவரை ஆபீஸ் மேஜை, ஃபைல் அலமாரி, பேக்கிங் பெட்டி தவிர வேறெதுவும் செய்ததில்லை. ஒரு காலையில் அட்மின் ஆபீசர் வரதன் சார் கெஸ்ட் ஹவுஸ் சமையலறைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஏகாம்பரம், வெளிநாட்டு இன்ஜினியர் குடும்பத்தோட வரார். ஓவன் வெச்ச பெரிய கேஸ் அடுப்பு, ரேஞ்ச்னு பேரு, வந்து எறங்கிடுத்து. சுத்தி கேபினெட் போடணும். படம் இருக்கு, அப்படியே பண்ணிடு. பத்து நாள்தான் டைம்."

அப்படியே பண்ணப் படம் புரிய வேண்டுமே. அதிலிருந்த எழுத்து இங்கிலீஷ்கூட இல்லை. அளவெல்லாம் மில்லிமீட்டர், எனக்குப் பழக்கம் அடி, அங்குலம். முதலில் ரேஞ்சின் அகலத்துக்கே சரியாக இடம் விட்டுச் சட்டம் அடித்தேன். நான்கு பேர் தள்ளியும் ரேஞ்ச் உள்ளே போகவில்லை. கழற்றி, இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விட்டு மறுபடி அடித்தேன்.

ரேஞ்சுக்கு மேலே கூடு மாதிரி ஒன்றும், அதிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போகும் குழாயும் வரைந்திருந்தார்கள். அது புகை இழுக்கும் ஹூட் என்று தெரிந்தது. பக்கத்தில் சிலிண்டர் வைக்கும் கேபினெட். அதன் பின்னால், வெளிச்சுவரில், தரையை ஒட்டி ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் குறுக்குக் கோடுகள்.

அது என்னவென்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். தண்ணீர் போகும் வழியா? சிலிண்டர் அலமாரிக்குள் தண்ணீருக்கு என்ன வேலை? கடைசியில் வரதன் சாரிடமே கேட்டேன்.

"எனக்கென்னப்பா தெரியும்? அங்கெல்லாம் குளிர். ஹீட்டருக்கு இருக்கும். இங்க தரையோட ஓட்டை போட்டா எலிதான் வரும். விட்டுடு."

அதுவும் சரியாகத்தான் பட்டது. புகை மேலே போகிறது, ஆவி மேலே போகிறது. கேஸ் கசிந்தால் அதுவும் மேலேதான் போகும் என்று நானே முடிவு செய்து, கேபினெட் கதவின் மேல்பக்கம் வரிசையாக ஆறு துளை போட்டேன். கீழே சுவரை மூடியபடியே விட்டேன்.

2. நிற்பவர்களுக்குத் தெரியாத நாற்றம்

கேஸ் ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்தார்; பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ரெகுலேட்டரை மாட்டி, பக்கப் பலகையில் நான் போட்ட துளை வழியாக ரப்பர் ட்யூப்பை இழுத்து, பர்னரை எரியவிட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் கதவுக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தேன். சமையல் செய்யும் கன்னியம்மா, மண்ணூர்க்காரப் பெண், தரையில் அரிவாள்மணை போட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கேஸு நாத்தம் அடிக்குது."

நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். "வார்னிஷும்மா அது."

"வார்னிஷு வாடை எனக்குத் தெரியாதா? வந்து குந்தனதுலேந்து தல வலிக்குது."

அந்த நேரத்தில் வரதன் சார் வந்தார். அவரும் நின்றபடியே மூக்கைச் சுளித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே. புதுசு, அப்படித்தான் இருக்கும். இரு, பத்தவெச்சுப் பாத்துடலாம்" என்று லைட்டரை எடுத்தார். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. தலையை ஆட்டினேன்.

கன்னியம்மா எழுந்து பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆபீசர் கையை ஒரு சமையல்காரப் பெண் பிடிப்பதைப் பார்த்து நான் திகைத்துப்போனேன்.

"வாணாம் சார்! ஒரு தபா கீழ குந்திப் பாருங்க."

அவர் குந்தவில்லை. நான் மண்டியிட்டேன். கேபினெட் கதவின் அடியிலிருந்து கேஸ் முகத்தில் வந்து அடித்தது. கண் எரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே போக வேண்டியது கீழே எப்படி வந்தது? யோசிக்க நேரமில்லை. கன்னியம்மா ரெகுலேட்டரை மூடினாள், நான் கதவு ஜன்னலையெல்லாம் திறந்தேன், மூவரும் வெளியே ஓடினோம். நாற்றம் அடங்கிய பிறகு சிலிண்டரை வெளியே உருட்டிக்கொண்டு வந்தேன். 

3. யார் பேரில் எழுதுவது

மெக்கானிக் பாய் ட்யூப்பைச் சரியாக மாட்டவில்லை என்று வரதன் சார் ஏஜென்சிக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். பாய் வந்து ட்யூப்பை உருவிக் காட்டினார். பலகைத் துளையின் விளிம்பில் அது கிழிந்திருந்தது. அந்த விளிம்பை நான் தேய்த்து மழுக்கவில்லை. பிறகு அவர் குனிந்து கேபினெட்டின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"கீழ ஓட்ட எங்கப்பா? இந்த கேஸு காத்தவிட கனம். தரையிலதான் போய் தங்கும். நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். பெரிய எடம், படம் வெச்சு செய்றாங்க, தெரிஞ்சுதான் செஞ்சிருப்பாங்கன்னு வுட்டுட்டேன்."

படத்தின் சின்னக் கட்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வரதன் சார் என்னைப் பார்த்தார். அந்த ஓட்டையை விடச் சொன்னது அவர்தான். ஆனால் விளிம்பு என்னுடையது. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு சொன்னேன்: "ட்யூப்ப கிழிச்சது என் பலகை சார். பாய் பேர்ல எழுதாதீங்க."

அவர் பேனாவை மூடினார். பிறகு காகிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "என்ன பண்ணணுமோ பண்ணு" என்று போய்விட்டார்.

அன்றே வெளிச்சுவரில் தரையை ஒட்டி ஓட்டை உடைத்து எலி நுழையாத கம்பிவலை வைத்தேன். கதவின் அடியிலும் துளை போட்டேன். ட்யூப் போகும் துளைக்கு ரப்பர் வளையம் மாட்டினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அந்தச் சமையலறை வேலையில் எங்களில் யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. கன்னியம்மாவைத் தவிர ஒவ்வொருவரும் அடுத்தவருக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டோம். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். பதில் சொல்கிறவருக்கும் புரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுவாரம் இரண்டாவது கெஸ்ட் ஹவுஸுக்குக் கேபினெட் போடச் சொன்னார்கள். டேப்பைப் பிரிப்பதற்கு முன், அங்கேயும் சமைக்கப்போகிற கன்னியம்மாவைக் கூப்பிட்டு, "நீ எங்க உக்காந்து வேலை செய்வ?" என்று கேட்டேன். அவள் காட்டிய இடத்தில் நானும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அளவெடுத்தேன்.