ஆறவிடாத இரும்பு

சும்மா குந்தியிருப்பதும் ஒரு வேலைதான் என்பதை ஹம்பேர்க் கப்பல் பட்டறைக்கு வந்த பிறகே கண்டேன். வெல்டிங் செய்த தகடு அப்பளம்போல் எழும்பி நிற்கும். அந்த மேட்டில் ஓரிடத்தை மட்டும் வாயுச் சுவாலையால் செக்கச்சிவக்கக் காய்ச்சிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். முதலில் மேடு இன்னும் உப்பும். ஆறும்போது சூடுபட்ட இடம் சுருங்கித் தகட்டை இழுத்து நேராக்கிவிடும். மெல்லிய தகடென்றால் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. போன கிழமை எங்கள் மேலாள் அப்படி ஊற்றினார். சீறிக்கொண்டு ஆவி எழும்ப, நான் பின்வாங்கிக் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டேன்.

"கால்ட்?" குளிருகிறதா என்று கேட்டார்.

"யா" என்றேன். பாவம், தன் கையுறையைக் கழற்றித் தந்தார்.

முன்பு ஊரில், தொண்டைமானாற்றுக் கரையில், எனக்கொரு வெல்டிங் கடை இருந்தது. அக்காவின் புருசன் புதுப் படகுக்கு எஞ்சின் பூட்ட நின்றார். எஞ்சின் உட்காரும் சட்டத்தைப் பழைய லொறி இரும்பில் ஒட்டினேன்; அது முறுகிவிட்டது. காய்ச்சி நேராக்கினேன்.

"ஆறட்டும் அத்தான். உது பொல்லாத இரும்பு, தண்ணி பட்டால் வெடிக்கும்."

"ராகுகாலம் வரப்போகுது மச்சான். அதுக்கு முன்னம் பூட்டவேணும். ஊத்தடாப்பா!"

அத்தான் சொல்லைத் தட்டிவிட்டு அக்காவின் முகத்தில் முழிப்பதெப்படி? அரை வாளி ஊற்றினேன். சட்டம் நேராகத்தான் இருந்தது. நல்ல நேரத்துக்குள் பூட்டியும் விட்டோம்.

பத்தாம் நாள் கடலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை; படகு மட்டும் கரையொதுங்கியது. எஞ்சின் பிடுங்குண்டு அடிப்பலகை பிளந்திருந்தது. ஒருவரும் வருமுன் நான் ஏறிப் பார்த்தேன். என் ஒட்டுக்குப் பக்கத்திலேயே சட்டம் வெடித்திருந்தது. அந்தத் துண்டைக் கழற்றி ஆற்றில் எறிந்தேன். "கடல் கொண்டுபோட்டுதடா" என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குழறினா. பாவி நான், சட்டம் வெடித்ததைச் சொல்லாமல் அவவின் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வருடம் திரும்புமுன் இங்கே ஓடிவந்துவிட்டேன்.

இப்போது மகளுக்குக் கலியாணம் என்று அக்காவின் கடிதம். "தேப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் நீதான் வந்து தாரை வாக்கவேணும். உன்ரை கையாலை தண்ணி ஊத்தினால்தான் என்ரை மனம் ஆறும்."

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவில்லை, வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள் என்று பதில் எழுதினேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் கேவலம்.

முகூர்த்தம் இங்கே காலை வேலை தொடங்கும் நேரம். அங்கே வேறு யாரோ நீர் வார்த்திருப்பார்கள். நான் ஒரு தகட்டைக் காய்ச்சிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தேன். தண்ணீர் வாளி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை.