சின்னவளின் கொழுப்பு

கொழுப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று ரத்தத்தில் ஓடுவது, இன்னொன்று வாயில் ஓடுவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் ஒரு பெண்ணுக்குத் தன் வேலையே கைவிட்டுப் போகப் பார்த்தது.

அந்த வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். மூத்த மருமகள் பெரியவள். கீழ்த்தளத்தில் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிற பட்டறை, மேலே குடும்பம். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். படி ஏறியதும் வருகிற முதல் அறையில்தான் அவர் கட்டில். அதனால் கீழே நடக்கிற பேச்சு ஒன்று விடாமல் எங்கள் இருவர் காதிலும் விழும்.

பட்டறையை நடத்துவது பெரியவள். துணி வெட்டுவது சின்னவள். தையலில் பிழை வந்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டில் பிழை வந்தால் துணி போனது போனதுதான். அதனால் வெட்டு மேசையில் நிற்பவளுக்குத் தனி மரியாதை உண்டு. சின்னவளின் படிப்பு பாதியில் நின்றது. கல்யாணம் அவளைக் கேட்காமல் நடந்தது. புருஷன் தைத்த சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், வீட்டில் தங்குவதே அபூர்வம். அந்த மேசை ஒன்றைத்தான் அவள் தன் கையால் சம்பாதித்திருந்தாள்.

நான் போன சமயத்தில் அவள் மந்தமாகிக்கொண்டே வந்தாள். கேள்வி கேட்டால் பதில் ஊர் சுற்றிவிட்டுத்தான் வரும். குரல் தடித்துவிட்டது. முகம் ஊதியிருந்தது. மற்றவர்கள் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள், இவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெட்டுவாள்.

"ஏய், எத்தன தடவ கூப்பிடறது? காத வாடகைக்கு விட்டுட்டியா?" என்பாள் பெரியவள்.

"கேட்டுச்சுக்கா."

"கேட்டுச்சா? அப்ப பதில் சொல்றதுக்கு என்ன?"

கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

பட்டறை முழுக்கச் சிரிக்கும். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் பெரியவளுக்கு முகம் சிவந்துவிடும். "கொழுப்புடி உனக்கு. உடம்பு பூராக் கொழுப்பு."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். பட்டறைப் பெண்கள் எல்லோரும் மதியம் சாப்பிட்ட கையோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். சின்னவளுக்கு மொத்தக் கொழுப்பு எக்கச்சக்கம். கெட்ட கொழுப்பு என்ற வரிக்கு எதிரே மட்டும் எண் இல்லை, 'கணக்கிட இயலவில்லை' என்று போட்டிருந்தது. பெரியவள் அதைச் சத்தமாகவே வாசித்தாள்.

"பாத்தீங்களா? கணக்கே போட முடியலியாம். நான் வாயால சொன்னத மிஷினும் சொல்லிருச்சு."

மேலே படுத்திருந்த மாமனார் குழறியபடியே கத்தினார். "அந்த மிஷின இங்க தூக்கிட்டு வாங்கம்மா. பெரியவளுக்கும் ஒரு தடவ பாத்துருவோம்!"

எல்லோரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். சிரிப்பு போனது, கொழுப்பு என்ற பெயர் நின்றுவிட்டது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் கொழுப்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வீட்டில் அவளுக்கு மட்டும் எண்ணெய் இல்லாத தனிச் சமையல். அவித்த காயைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போனது, எடை மட்டும் இறங்கவில்லை. போதாததற்குத் தொடை இரண்டும் வலிக்கத் தொடங்கின. குனிந்தால் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். மாத்திரைதான் காரணமோ என்று நிறுத்தினாள். "சொன்ன பேச்சக் கேக்க மாட்டா" என்று ஏச்சு விழுந்தது. மறுபடியும் போட்டாள்.

இந்த லட்சணத்தில் ஒருநாள் பறவை போட்ட திரைத் துணியைத் திருப்பி விரித்து வெட்டிவிட்டாள். ஒரு ஜன்னலில் பறவைகள் பறந்தன. அடுத்த ஜன்னலில் தலைகீழாகத் தொங்கின.

"வௌவால் டிசைனா இது?" என்று கேட்ட பெரியவள் மறுவாரமே ஒரு கட்டிங் மாஸ்டரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். சின்னவள் மூலையில் உட்கார்ந்து கொக்கி தைக்கிற வேலைக்குப் போனாள்.

பெரியவளைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். சம்பளம் கொடுக்க வேண்டிய ஆட்கள் இருந்தார்கள், கெட்டுப்போன துணிக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அன்று அவள் சொன்னது இதுதான்: "ஓட்டல் ஆர்டர் வரப்போகுது. அதுக்குள்ள உடம்பச் சரி பண்ணிக்கிட்டேன்னா மேச உனக்கு. இல்லன்னா மாஸ்டருக்கு. அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது."

சின்னவள் அழவில்லை. படியேறி வந்து மாமனாரின் காலடியில் உட்கார்ந்து, "எனக்கு வேற எதுவும் தெரியாதே மாமா" என்று மட்டும் சொன்னாள். அவர் அசைகிற கையால் அவள் தலையைத் தட்டினார்.

மாமனாரைப் பார்க்க வீட்டுக்கு வருகிற டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். அடுத்த முறை அவள் வந்தபோது சின்னவள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். டாக்டரம்மா கிழவரின் கையை விட்டுவிட்டு அவளையே பார்த்தாள்.

"ஏம்மா, இந்தப் புழுக்கத்துல சால்வை எதுக்கு?"

"குளுருதுங்க."

"குரல் எப்பவுமே இப்படித்தானா?"

சின்னவள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு கால் வலியையும் மாத்திரையையும் சொன்னேன்.

"தைராய்டு யாராவது பாத்தாங்களா?"

"கொழுப்புதாங்க பாத்தாங்க."

"அத வீடே பாக்குதே" என்றார் மாமனார்.

தைராய்டு பார்த்தார்கள். சுரப்பு அடிமட்டத்தில் கிடந்தது. அது குறைந்தால் உடம்பின் எல்லா வேலையும் மெதுவாகும். பேச்சு மெதுவாகும், நடை மெதுவாகும், ரத்தத்திலிருந்து கொழுப்பை அப்புறப்படுத்துகிற வேலையும் மெதுவாகும். அதனால்தான் கொழுப்பு தேங்கியிருக்கிறது, தின்று சேர்த்தது அல்ல என்றாள் டாக்டரம்மா. தைராய்டு குறைந்திருக்கும்போது கொழுப்பு மாத்திரை போட்டால் சதை வலி வருவதும் உண்டாம். அதை அப்போதைக்கு நிறுத்தினாள்.

எண் இல்லாத அந்த வரியையும் காட்டி, சாப்பிட்ட கையோடு ரத்தம் கொடுத்ததையும் நான் சொன்னேன். "சாதாரணமா கெட்ட கொழுப்ப நேரா அளக்கறதில்லம்மா. மத்ததெல்லாம் அளந்து, கழிச்சு ஒரு கணக்குப் போடுவாங்க. ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு ரொம்ப ஏறிட்டா அந்தக் கணக்கு உதவாது. சாப்பிட்டுட்டு வேற போயிருக்கீங்க. முதல்ல தைராய்டு சரியாகட்டும். அப்புறம் வெறும் வயித்துல, நேரா அளக்கச் சொல்றேன். அதுவரைக்கும் இந்த எண்ண வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க."

சின்னவள் வழக்கம்போல் தாமதித்துவிட்டுச் சொன்னாள். "கோராத் துணிய நனைக்காம அளந்த மாதிரி."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை, நான் விளக்கினேன். கோராத் துணி, அதாவது வெளுக்காத துணி, முதல் தண்ணீரில் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகுதான் அளக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்த அளவு டேப்பில் சரியாக இருக்கும், ஜன்னலில் தப்பாக இருக்கும். "அதேதான்" என்று சிரித்தாள் டாக்டரம்மா.

விடிந்ததும் வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை, டீ அப்புறம்தான். டீக்கு ஏங்குகிறவளை அந்த நேரம் சமையலறைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டது நான். தனிச் சமையலை நிறுத்தச் சொன்னதும் நான்தான். அவளும் மற்றவர்கள் சாப்பிடுவதையே அளவாகச் சாப்பிட்டாள்.

ஆனால் ஓட்டல் ஆர்டர் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மாத்திரை தொடங்கிச் சில வாரம்கூட ஆகவில்லை, பெரியவள் அவளை தெருமுனை லேபுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கொழுப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். எண் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

"எங்கடி எறங்கியிருக்கு? டாக்டரம்மாவும் நீயும் சேந்து கதை விடறீங்களா? நான் மாஸ்டர் கையிலயே குடுத்துடறேன்."

"நனைச்சுதானேக்கா போட்டிருக்கு, இன்னும் காயலையே. ஈரத் துணியில டேப்ப வெச்சா என்ன அளவு வரும்? நீங்களே சொல்லுங்க."

சின்னவளின் இந்தப் பதில் தாமதிக்காமல் உடனே வந்தது. மேலே இருந்த நானும் மாமனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஈரத் துணியை அளந்ததற்காக எத்தனையோ பெண்களைத் திட்டித் தீர்த்தவள் பெரியவள். டாக்டர் பேச்சை அவள் நம்பவில்லை, துணிப் பேச்சுக்கு அவளிடம் மறுப்பு இல்லை.

கடைசியில் முனகினாள். "சரி, காயட்டும். மாஸ்டர், நீங்க லைனிங் மட்டும் வெட்டுங்க. மேல் துணியத் தொட வேண்டாம்." ஓட்டலுக்குப் போன் செய்து, அந்தத் துணி வந்து சேரவில்லை என்று கூசாமல் ஒரு பொய்யும் சொன்னாள். துணி அவள் காலடியில்தான் கிடந்தது.

அடுத்த சில வாரங்களில் சின்னவளின் முக வீக்கம் வடிந்தது. கால் வலி போய்விட்டது. தைராய்டு சரியான மட்டத்துக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, டாக்டரம்மா கொழுப்பை நேராக அளக்கச் சொன்னாள். மொத்தம் நன்றாக இறங்கியிருந்தது. கெட்ட கொழுப்பு மட்டும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் தூக்கலாக நின்றது.

"அப்ப இன்னும் இருக்கா?" என்றாள் கூட வந்திருந்த பெரியவள்.

"இருக்கு. இது இவங்க உடம்போட சொந்த அளவு, பரம்பரையா வந்ததா இருக்கும். சின்ன மாத்திரையா ஒண்ணு தரேன். இப்ப கால் வலிக்காதுன்னு நெனைக்கறேன். வலிச்சா உடனே சொல்லணும்."

முற்றாகச் சரியாகிவிடும் என்று நம்பிப் போன சின்னவளுக்கு முகம் விழுந்துவிட்டது. எல்லா நோயும் துடைத்துவிட்டாற்போல் போய்விடாது. சரியான எண் கையில் இருந்தால் சரியான மருந்தாவது கிடைக்கும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். மாத்திரை போட்டாள். கால் வலிக்கவில்லை.

பெரியவள் மன்னிப்புக் கேட்கவில்லை, சின்னவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஒருநாள் காலை, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் நிமிராமலே, "மாஸ்டர், அந்த மேசைய விட்டுக் குடுங்க. லைனிங்க இந்தப் பக்கம் வெச்சு வெட்டிக்கலாம்" என்றாள்.

நான் கிழவருக்கு வெந்நீர் எடுக்கக் கீழே இறங்கியபோது ஓட்டல் துணி மேசை நீளத்துக்கு விரிந்து கிடந்தது. சின்னவள் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து சோதித்துவிட்டு, எதையும் பிடிக்காமல் நிமிர்ந்தாள்.

"அக்கா, சும்மாதானே நிக்கறீங்க? அந்த முனைய இழுத்துப் பிடிங்க. இன்னும். தளர விடாதீங்க."

பெரியவள் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் வெட்டத் தொடங்கினாள்.