திருப்பிப் போட்ட மஞ்சப்பைகள்

போன வாரம் மகன் குடும்பத்தோடு காரில் ஜவ்வாது மலைக்குப் போய்வந்தோம். கிளம்புவதற்கு முதல் நாளே மருமகள் கட்டில்மேல் கடை பரப்பிவிட்டாள். எல்லாம் ஜிப் வைத்த சின்னச் சின்னப் பைகள். ஒன்றில் சார்ஜர், ஒன்றில் பேரனின் ஜட்டி பனியன், ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் மாத்திரை. முன்சீட்டின் முதுகில் அறை அறையாகத் தைத்த ஒரு துணியை மாட்டி, எல்லாவற்றையும் அதில் செருகினாள். மகன் என்னிடம், "பாத்தியாம்மா, எவ்ளோ நீட்டா வெச்சிருக்கா!" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அவள் சமையலைப் புகழட்டும், சம்பளத்தைப் புகழட்டும், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். வண்டிக்குள் பை வைக்கிற விஷயத்தில் மட்டும் இன்னொருத்தியைப் புகழ்ந்தால் எனக்கு ஆகாது.

மலை வளைவில் பேரன் உவ்வே என்றான். மருமகள் மாத்திரைப் பையைத் திறந்தாள். உள்ளே ஏதோ மருந்துப் பஞ்சு வைத்திருந்தாள் போலிருக்கிறது, ஸ்பிரிட் வாசனை குப்பென்று அடித்தது. அவ்வளவுதான், நான் அந்தக் காரில் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், இதே வளைவில், தார்ப்பாய்க் கூரை போட்ட ஒரு ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

போளூரில் அப்போது ஒரு சின்னத் தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் அதன் ஜீப் மலை ஊர்களுக்குப் போகும். டாக்டரம்மா, நர்ஸ் விமலா, டிரைவர் ஏகாம்பரண்ணன், அப்புறம் நான். எனக்கு ஆயா வேலை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணை ஆயா என்றால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அதனால் என்னை நானே ஜீப்புக்கு ஸ்டோர் கீப்பர் ஆக்கிக்கொண்டேன். முன்பெல்லாம் பஞ்சு, சிரிஞ்சு, சாப்பாடு, டாக்டரம்மாவின் செருப்பு எல்லாம் ஒரே சாக்கில் கிடந்து, வளைவுக்கு வளைவு உருண்டு, மேலே போய்ச் சேரும்போது டிங்க்சர் அயோடின் வாசனையோடு எலுமிச்சை சாதம் கிடைக்கும். நான்தான் கூரைக் கம்பியில் வரிசையாகப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டேன்.

எல்லாம் கல்யாண வீட்டு மஞ்சப்பைகள். தேங்காய், வெற்றிலை பாக்குப் போட்டுக் கொடுப்பார்களே, பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அச்சடித்து, அதுதான். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பை ஜீப்புக்கு வந்துவிடும். பெயர்தான் அடையாளம். மல்லிகா–பழனி என்றால் சாப்பாடு. சரஸ்வதி–குப்புசாமி என்றால் ஊசி மருந்து. லலிதா–ஆறுமுகம் ஆறே மாதத்தில் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள், அதனால் அதில் செருப்பும் கிரீஸ் துணியும். பசி வந்தால் டாக்டரம்மா, "ஏம்மா, அந்த மல்லிகா பழனிய எறக்கு" என்பார். மழை வந்தால் ஏகாம்பரண்ணன், "குப்புசாமி நனையிறான் பாரு, உள்ள தள்ளு" என்பார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினால் கேட்ட பொருள் கையில் வரும். படிப்பு இல்லை, நிறம் இல்லை, நகை இல்லை, ஆனால் அந்தக் கம்பிக்கு நான்தான் ராணி.

இந்த இடத்தில் ஒரு தோல்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் தை மாதத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கணியம்பாடி, பஸ் கண்டக்டர், பெயர் தனசேகரன். டியூட்டி முடித்து நேராகக் காக்கிச் சட்டையோடு வந்துவிட்டார். தோளில் அந்தத் தோல்பை. எங்கள் அண்ணன் குழந்தை அழுதது. மாப்பிள்ளை எங்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டே, குனிந்தும் பார்க்காமல், பைக்குள் கையை விட்டு ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்துக் கொடுத்தார். முன் அறையில் நோட்டு, நடுவில் டிக்கெட் கட்டு, பின்னால் சில்லறை, மூலையில் பெப்பர்மின்ட். பார்க்காமலே கை போகிறது! எனக்கு முகமெல்லாம் சரியாக மனசில் நிற்கவில்லை. அந்தக் கையும் பையும் நின்றுவிட்டன. எழுந்துபோய் அந்தப் பைக்குள் ஒரு தடவை கையை விட்டுப் பார்த்தால் என்ன என்றிருந்தது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

ஆவணியில் விமலா ஜீப்பில் ஏறும்போதே முகமெல்லாம் பல். "எனக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சிக்கா. மாப்ள கண்டக்டரு. கணியம்பாடி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜீப்பில் ஜன்னல் ஏது, தார்ப்பாய்தான். தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு, "பேரு இன்னா?" என்றேன். சொன்னாள்.

விமலா சிவப்பு. நர்ஸ் படிப்பு. மலைக்காரக் குழந்தைகள் எல்லாம் அவளிடம்தான் ஊசிக்குக் கை நீட்டும், என்னைக் கண்டால் ஓடும். எல்லாம் இருக்கிறவளுக்கு இதுவும் போக வேண்டுமா? என்னைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை என்று அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாவம் என்று பார்த்திருப்பாள். அதைவிட மலையிலிருந்து குதித்துவிடலாம்.

கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பின அன்று ஒரு பெரிய மூட்டையோடு வந்தாள். "மிஞ்சினதுக்கா. எல்லாம் புதுசு. ஜீப்புக்கு வெச்சிக்கோ." உள்ளே மஞ்சப்பைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மசியில், விமலா–தனசேகரன். டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பழசெல்லாம் கிழிஞ்சி தொங்குது. எல்லாத்தையும் இதுல மாத்திடும்மா" என்று சொல்லிவிட்டார்.

மல்லிகாவும் பழனியும் போனார்கள். சரஸ்வதி, குப்புசாமி எல்லாரும் போனார்கள். கம்பி நெடுக விமலா–தனசேகரன், விமலா–தனசேகரன். வளைவில் ஜீப் சாய்ந்தால் எல்லாப் பையும் ஒன்றாக என் முகத்தை நோக்கி ஆடும். எது எந்தப் பை என்று எனக்கே குழம்பியது. ஊசி கேட்டால் என் கையில் கிரீஸ் துணி வந்தது. ஏகாம்பரண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளைதான் போனான், என்னுடையது என்று இருந்த இந்தக் கம்பியும் அவளுக்கா?

அன்று சாயங்காலமே எல்லாப் பையையும் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிவிட்டேன். வெறும் மஞ்சள். கேட்டதற்கு, "தூசுக்கு" என்றேன்.

அடுத்த வாரம் மலை ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் ஒழுகிப் பைகள் நனைந்தன. முதல் ஊரில் ஒரு மலை விவசாயி, புளியமரத்தில் கிளை கழிக்கும்போது கொடுவாள் காலில் பட்டு வந்திருந்தார். தையல் போட்டு, பையிலிருந்த கட்டுத்துணியை எடுத்து விமலா கட்டிவிட்டாள். மேல் ஊருக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வருகிறோம், ரோட்டோரம் டோலி கட்டி அந்த ஆளைத் தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கூட்டம். அவர் மனைவி ஜீப்பை மறித்துக்கொண்டு அழுகிறாள்.

"ரத்தம் நிக்கவே இல்லம்மா! ஓடைய தாண்டச்சொல்லோ பாத்தா, கட்டு பூரா செவந்து போச்சி!"

டோலியில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் நோவுல. இவங்கதான் புடிச்சி படுக்க வெச்சித் தூக்கினு வந்துட்டாங்க" என்றார்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். தையல் ஒன்றும் பிரியவில்லை, ரத்தமும் இல்லை. துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓடைத் தண்ணீரில் சாயம் கரைந்து பரவியிருந்தாலும், அடிமடிப்பில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. பையின் பெயர் அச்சு உள்ளே போய், ஈரத்தில் துணிமேல் பதிந்துவிட்டிருந்தது. ஏகாம்பரண்ணன் எட்டிப் பார்த்து, "அட, நம்ம தனசேகரன்!" என்றார்.

"இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டார் காலை நீட்டிக்கொண்டிருந்தவர்.

"கல்யாணப் பத்திரிகை" என்றார் டாக்டரம்மா. ஆனால் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பைய ஏன் திருப்பின?"

"தூசுக்குங்க..."

"பேர் மேல தூசு படக்கூடாது, கட்டுத்துணி மேல சாயம் படலாமா? இனிமே பையத் தொடறதுன்னா..."

அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பி கைவிட்டுப் போகிறது. அப்போது விமலா நடுவில் வந்தாள். "நான்தாம்மா திருப்பச் சொன்னேன். பேரு வெளிய தெரிய எனக்குக் கூச்சமா இருந்திச்சி." பொய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு மூட்டை கொண்டுவந்தாள். கணியம்பாடியில் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய பழைய கல்யாணப் பைகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர். "ஒரே பேரா இருந்தா ஒனக்குக் கொழப்பந்தானேக்கா" என்றாள். தன் பெயர் போட்ட பைகளைத் தானே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாள். எவ்வளவு தெரிந்துகொண்டாள், எவ்வளவு தெரியாது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாவி, நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. தங்கமான மனுஷன், ஆனால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். அப்போதெல்லாம் எனக்கு அந்தக் கண்டக்டர் கை ஞாபகம் வரும். தர்ம ஆஸ்பத்திரியை மூடினார்கள். ஜீப்பை யாரோ பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது கல்யாணத்துக்குப் போனால் பளபளவென்று பை கொடுக்கிறார்கள், பாதிப் பைகளில் பெயரே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விமலா போய்விட்டாள். சேதி தாமதமாகத்தான் வந்தது. காரியத்துக்குக் கணியம்பாடிக்குப் போனேன். தனசேகரன் நரைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரென்று சொன்னேன்.

"ஜீப்பு அக்காவா நீங்க! விமலா சொல்லிக்கினே இருக்குமே உங்களப் பத்தி. மாத்திரைய எங்க வெச்சேன்னு தேடும்போதெல்லாம், 'அந்தக்கா இருந்தா பாக்காமலே எடுத்துக் குடுத்துடும், எனக்கு அந்தக் கை வரலியே'ன்னு பொலம்பும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் விடவில்லை. "போளூர்ல எங்க வூட்டுக்கு ஒருவாட்டி வந்திருக்கீங்க. நெனப்பு கீதுங்களா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "வந்திருப்பேம்மா. அந்த ரூட்டுலதானே ஓடிக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்த மாப்பிள்ளை அந்த நொடியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனார். விமலா மேல் இருந்த பொறாமை மட்டும் இறங்கவில்லை.

அவர் பின்னால் ஆணியில் அந்தத் தோல்பை தொங்கியது. வார் அறுந்து, சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "விமலா மாத்திரையெல்லாம் அதுலதான் வெச்சிக்கும்" என்றார். கேட்டு வாங்கினேன். நாற்பது வருஷம் ஆசைப்பட்ட பைக்குள் கையை விட்டேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தலைவலித் தைலம், கிழிந்த அட்டை, எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தது. நர்ஸ் வீட்டுப் பையா இது என்று அவளைத் திட்டினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்தேன். காலை மாத்திரை முன் அறைக்கு. ராத்திரி மாத்திரை நடு அறைக்கு. தைலம் மூலைக்கு.

அவர் மருமகள் காபியோடு வந்து நின்றாள். "அத்தைதான் போய்ட்டாங்களே, இனிமே யாருக்கும்மா பிரிக்கிறீங்க?"

கை நின்றுவிட்டது. காபி ஆறிப்போனது. பிறகு மிச்சத்தையும் அறை அறையாகப் போட்டுப் பையை மூடி, விமலா தேடினால் கைக்கு எட்டுகிற மாதிரி, அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.